52-இல் பேண்டு வந்துவிட்டால் அது பார்கின்தானா?

கேள்வி: 11 பிப்ரவரி 2024

"லேபுக்குப் புதிதாக ஒரு பார்கின் ஆன்டிபாடி (பார்கின்சன் நோயோடு தொடர்புள்ள பார்கின் புரதத்தைப் பிடித்துக் காட்டும் மூலக்கூறு) வாங்கியிருக்கிறோம். முயலில் எடுத்த பாலிகுளோனல் (பல ஆன்டிபாடிகளின் கலவை). ஹீலா (ஒரு புற்றுநோய்ச் செல் வகை) லைசேட்டில், அதாவது செல்லை உடைத்த கரைசலில், வெஸ்டர்ன் போட்டேன் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் பார்ப்பது). 52 கிலோடால்டனில் அழகான பேண்டு (கோடு), கீழே 42 பக்கம் மங்கலாக இன்னொன்று. பார்கினின் கணக்கு எடை 51.6. ஆன்டிபாடி வேலை செய்கிறது என்று கைடும் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் யுபிக்விட்டினேஷன் ஐ.பி. (ஆன்டிபாடியால் பார்கினைத் தனியே இழுத்து, அதன் மேல் யுபிக்விட்டின் என்ற குட்டிப் புரதம் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது) தொடங்கலாம் என்றிருக்கிறேன். ஆனால் லேபில் ஒரு சீனியர், பிஆர்கே8 என்ற பார்கின் ஆன்டிபாடி தவிர எதையும் நம்பாதே என்கிறார். ஐம்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுத்து வாங்கியது. இன்னொன்று வேண்டும் என்று போய் நின்றால் கைடு கத்துவார். இந்தப் பேண்டு போதாதா அக்கா?"

11 பிப்ரவரி, இரவு

போதாது. அதுவும் ஹீலாவில் வந்த பேண்டு என்றால் சுத்தமாகப் போதாது. ஹீலாவில் பார்கின் கிடையாது.

பார்கின் ஜீன் ஆறாம் குரோமோசோமின் நீளக் கையில், 6கியூ25–27 பகுதியில் இருக்கிறது. புரதம் 465 அமினோ அமிலம்தான். ஜீனோ 13 லட்சம் பேஸுக்கு மேல் நீண்டு கிடக்கிறது. 12 எக்ஸான்கள் (புரதக் குறிப்புள்ள துண்டுகள்), அவற்றுக்கு நடுவே முடிவில்லாத இன்ட்ரான்கள் (வெட்டி எறியப்படும் இடைத்துண்டுகள்). போதாக்குறைக்கு அது எஃப்.ஆர்.ஏ.6ஈ என்ற எளிதில் உடையும் பகுதிக்குள் விழுகிறது. அதனால் பல புற்றுநோய்ச் செல்களில் இந்த ஜீன் அடிபட்டுப்போயிருக்கும், அல்லது வாயடைத்துக் கிடக்கும். ஹீலா அந்தப் பட்டியலில் பிரபலமானது.

2008-இல் ரிச்சர்ட் யூல் லேபிலிருந்து நரேந்திரா முதலானோர், பழுதான மைட்டோகாண்ட்ரியாவைத் தேடிப் பார்கின் ஓடுவதைக் காட்டினார்களே, அந்தப் படங்களில் பெரும்பாலானவை ஹீலாதான். ஆனால் அந்தச் செல்களுக்குள் மஞ்சள் ஒளிர்புரதம் ஒட்டிய பார்கினை அவர்களே வெளியிலிருந்து போட்டார்கள். அப்போதிலிருந்து இந்தத் துறையே ஹீலாவை "பார்கின் இல்லாத வெற்றுப் பலகை" என்றுதான் வைத்துக்கொண்டிருக்கிறது.

ஆக, உங்கள் 52 வேறு ஏதோ ஒரு புரதம். அழகாக இருக்கிறது என்பது உண்மைதான்.

12 பிப்ரவரி

குப்பையில் போட்டுவிடாதீர்கள், நான் அப்படிச் சொல்லவில்லை. ஒரே ஜெல்லில் மூன்று லேன் (சாம்பிளுக்கு ஒரு பத்தி) ஓட்டிப் பாருங்கள்: சும்மா ஹீலா, டேக் (அடையாளத் துண்டு) எதுவும் ஒட்டாத பார்கினை டிரான்ஸ்ஃபெக்ட் செய்த, அதாவது வெளியிலிருந்து உள்ளே போட்ட ஹீலா, அப்புறம் எஸ்.எச்.-எஸ்.ஒய்.5ஒய் என்ற நரம்புக் கட்டிச் செல் வகை. இரண்டாவதில் மட்டும் புதிதாக எது வருகிறதோ அதுதான் ஆள். மூன்றாவதில் பார்கின் உண்டு, ஆனால் கொஞ்சமாக. அதில் கண்டுபிடிக்க முடிந்தால் உங்கள் ஐம்பதாயிரம் வீண் இல்லை.

14 பிப்ரவரி

"ஹீலாவில் பார்கின் இருக்கிறது என்று பேப்பரே இருக்கிறதே" என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். இருக்கும். அந்தப் பேப்பரில் பார்கினை எதைக்கொண்டு பார்த்தார்கள் என்று பாருங்கள். ஒரு பேண்டு போட்டிருப்பார்கள். அதே வட்டம்தான்.

ஆனால் ஒட்டுமொத்தமாக "கிடையாது" என்று நான் சொன்னதற்குப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் ஃபிரீசரில் இருக்கும் ஹீலா யாருடைய ஹீலா? ஊருக்கு ஊர், லேபுக்கு லேப் ஹீலா மாறிப்போயிருக்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து, யாரோ பார்கினை நிரந்தரமாக நுழைத்து வைத்த ஹீலா, வெறும் ஹீலா என்ற பெயரில் இருப்பது. நான் வேலை பார்த்த ஒரு லேபில் நைட்ரஜன் டேங்கில் "ஹீலா-பி" என்று நீல மார்க்கரில் எழுதிய வயல்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. பி என்றால் பார்கினா, பாசேஜா, எழுதிய பையனின் இனிஷியலா என்று ஒருவருக்கும் தெரியாது. பையன் போஸ்ட்டாக்குக்கு அமெரிக்கா போய்விட்டான். மெயில் போட்டால், "எனக்கும் நினைவில்லை, எதற்கும் பூரோமைசின் போட்டுப் பாருங்கள்" என்று பதில். சாதாரணச் செல்லைக் கொல்லும் மருந்து அது; ஜீன் நுழைக்கும்போது அதைத் தாங்கும் ஜீனையும் சேர்ப்பது வழக்கம். போட்டுப் பார்த்தோம், செல்கள் சாகவில்லை. அப்போதுதான் உள்ளே ஏதோ நுழைத்திருக்கிறார்கள் என்றே தெரிந்தது.

எனவே முதலில் ஆர்.என்.ஏ. எடுத்து, பார்கின் ஜீன் ஓடுகிறதா என்று அளக்க ஒரு கியூ.பி.சி.ஆர். செய்துவிடுங்கள். ஒரு நாள் வேலை.

18 பிப்ரவரி

கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: "வெஸ்டர்னை விடுங்கள் அக்கா, எனக்கு வேண்டியது ஐ.பி.தான். பார்கினை இழுத்துவிட்டு யுபிக்விட்டினுக்கு பிளாட் செய்தால் போதும். பார்கின் தன்மேலேயே யுபிக்விட்டின் ஒட்டிக்கொள்ளும் என்பது 2000-இலிருந்து தெரிந்த விஷயம்தானே?"

தெரிந்த விஷயம்தான். 1998-இல் ஜப்பானில் இளவயது பார்கின்சன் குடும்பங்களில் இந்த ஜீனைக் கண்டுபிடித்தார்கள், 2000-இல் அது ஈ3 லிகேஸ் என்று காட்டினார்கள். யுபிக்விட்டினைக் கடைசிக் கையாக வாங்கி இலக்குப் புரதத்தின் மேல் ஒட்டுவதுதான் அதன் வேலை. சிக்கல் அங்கே இல்லை. சிக்கல் உங்கள் குழாயில் இருக்கிறது.

ஐ.பி. செய்யும்போது பீட்ஸில் (குட்டி மணிகளில்) ஒட்டிய ஆன்டிபாடியும் சேர்ந்துதான் வெளியே வரும். சாம்பிள் பஃபரில் கொதிக்க வைத்தவுடன் அது இரண்டாகப் பிரியும்: லைட் செயின் 25 பக்கம், ஹெவி செயின் 50 பக்கம். பார்கின் எங்கே? 52-இல். கல்யாண மேடையில் மாப்பிள்ளை நாற்காலியில் மாப்பிள்ளைத் தோழன் உட்கார்ந்திருப்பதுபோல, நீங்கள் பார்க்க வேண்டிய இடத்தில் உங்கள் ஆன்டிபாடியே தடிமனாக உட்கார்ந்திருக்கும். முயல் ஆன்டிபாடியால் இழுத்து, அதே முயல் ஆன்டிபாடியால் பிளாட் செய்து, முயலுக்கு எதிரான செகண்டரி (முதல் ஆன்டிபாடியைப் பிடித்துக் காட்டும் இரண்டாம் ஆன்டிபாடி) போட்டால், பார்கினே இல்லாத குழாயிலும் 50-இல் கறுப்பாக ஒன்று வரும். இதைப் "பார்கின் ஐ.பி. வெற்றி" என்று போட்ட போஸ்டர்களைக் கருத்தரங்குகளில் பார்த்திருக்கிறேன். பக்கத்திலேயே சாதா ஐ.ஜி.ஜி. (பார்கினைப் பிடிக்காத வெறும் ஆன்டிபாடி) லேன் இருக்காது. இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே.

தப்பிக்க வழிகள் உண்டு. முயலால் இழுத்து எலி ஆன்டிபாடியால் பிளாட் செய்யலாம். ஆனால் செகண்டரி மற்ற இனத்துக்கு எதிராகச் சுத்திகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அதே கதை. லைட் செயினை மட்டும் பிடிக்கும் செகண்டரி விற்கிறார்கள், பார்கினுக்கு அது தோது, 25 பக்கம் நமக்கு வேலையில்லை. ஆன்டிபாடியைப் பீட்ஸோடு வேதிப்பிணைப்புப் போட்டு இறுக்கியும் விடலாம். பிணைப்புப் போட்டாலும் கொஞ்சம் கசியும், அது தனிச் சோகம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி: நீங்கள் பார்க்கப்போகும் யுபிக்விட்டின் ஸ்மியர் (பேண்டாக இல்லாமல் நீளமாகத் தீற்றிய கறை) பார்கின் மேல்தான் ஒட்டியிருக்கிறது என்று எப்படித் தெரியும்? சாதாரண லைசிஸ் பஃபரில் இழுத்தால் பார்கினோடு கைகோத்து வரும் அத்தனை புரதங்களும் வரும். அவற்றின் மேல் உள்ள யுபிக்விட்டினும் அதே லேனில் அதே ஸ்மியராகத் தெரியும். அதனால் செல்களை 1 சதவீத எஸ்.டி.எஸ்.-இல் (புரத மடிப்பைக் கலைக்கும் சோப்பு) உடைத்து, 95 டிகிரியில் கொதிக்க வைத்து, எல்லாக் கூட்டணியையும் கலைத்துவிட்டு, அப்புறம் பத்து மடங்கு நீர்த்து ஐ.பி. செய்யுங்கள். எஸ்.டி.எஸ். 0.1-க்கு வந்தால் பெரும்பாலான ஆன்டிபாடிகள் தாங்கும். ஆனால் இங்கேதான் பல ஐ.பி. ஆன்டிபாடிகள் படுத்துவிடும், ஏனென்றால் அவை மடிந்த புரதத்தை மட்டுமே அடையாளம் காணும். கொதித்த பார்கின் அவற்றுக்கு அந்நியன். உங்கள் பாலிகுளோனல் எதற்கு எதிராக எடுத்தது? குட்டிப் பெப்டைடா, முழுப் புரதமா? டேட்டாஷீட்டில் இதைப் பாருங்கள், 52-ஐப் பார்த்தது போதும்.

ஆன்டிபாடியே வேண்டாம் என்றால் ஹிஸ்டிடின் டேக் போட்ட யுபிக்விட்டினைச் செல்லுக்குள் கொடுத்து, 6 மோலார் குவானிடினில் உடைத்து, நிக்கல் பீட்ஸில் இழுக்கலாம். ஐ.ஜி.ஜி. என்ற பேச்சே இல்லை. நான் பெரும்பாலும் இதைத்தான் செய்வேன்.

19 பிப்ரவரி

என்.இ.எம். போட மறக்காதீர்கள், ஒட்டிய யுபிக்விட்டின் கழன்றுவிடாமல் காப்பது அதுதான். செல்லை உடைத்த கணத்திலேயே யுபிக்விட்டினைக் கழற்றும் நொதிகள் வேலையைத் தொடங்கிவிடும். 10 முதல் 20 மில்லிமோலார். எத்தனாலில் கரைத்து அன்றன்றைக்குப் புதிதாக. போன மாதம் கரைத்துத் தண்ணீரில் வைத்தது சும்மா தண்ணீர்தான். பஃபரில் டி.டி.டி. இருந்தால் அதுவே என்.இ.எம்.-ஐத் தின்றுவிடும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எரியும்.

அதே சாம்பிளை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கு அனுப்புகிறவர்களுக்கு: என்.இ.எம்.-க்குப் பதிலாகச் சிலர் போடும் அயோடோஅசிட்டமைடு லைசினோடு இரண்டு முறை சேர்ந்தால், யுபிக்விட்டின் விட்டுச்செல்லும் இரட்டைக் கிளைசின் எச்சத்தின் அதே எடை வந்துவிடும். குளோரோஅசிட்டமைடு போடுங்கள்.

25 பிப்ரவரி

"யுபிக்விட்டினுக்கு எந்த ஆன்டிபாடி?" இதற்கு மட்டும் தனிமடலில் நிறைய பேர்.

பி4டி1-ஐ எல்லோரும் வைத்திருப்பார்கள். அது தனியாகத் திரியும் யுபிக்விட்டினையும் பிடிக்கும், ஒட்டிக்கொண்டதையும் பிடிக்கும். எஃப்.கே.2 தனி யுபிக்விட்டினை விட்டுவிடும், எதன் மேலாவது ஒட்டியிருந்தால்தான் பார்க்கும், ஒற்றையானாலும் சங்கிலியானாலும். எஃப்.கே.1 சங்கிலியை மட்டும். இந்த இரண்டும் 1994-இல் ஜப்பானியக் குழு ஒன்று எடுத்தவை, முப்பது வருடமாக ஓடுகின்றன. கே48, கே63 என்று சங்கிலி வகையைப் பிரித்துச் சொல்பவையும் உண்டு. பார்கினுக்கு அவை சுவாரசியமானவை, ஏனென்றால் மைட்டோகாண்ட்ரியா மேல் அது இரண்டு வகையையும் கட்டும், வேறு வகைகளையும் கட்டும்.

எதை வாங்கினாலும் மெம்பிரேன் பக்கம் கவனம். யுபிக்விட்டின் 76 அமினோ அமிலம், 8.5 கிலோடால்டன், கல்லுப்போல் இறுகி மடிந்தது. எஸ்.டி.எஸ். போனதும் மெம்பிரேன் மேலேயே மறுபடி மடிந்து, ஆன்டிபாடிக்கு முகம் காட்டாமல் உட்கார்ந்துவிடும். டிரான்ஸ்ஃபர் முடிந்ததும் மெம்பிரேனை இரண்டு ஃபில்டர் தாளுக்கு நடுவே வைத்துத் தண்ணீரில் கொதிக்க வையுங்கள், அல்லது ஆட்டோகிளேவ் செய்யுங்கள். சிக்னல் கூடுவதைக் கண்ணால் பார்க்கலாம். முதல் முறை ஆட்டோகிளேவிலிருந்து எடுத்தபோது மெம்பிரேன் சுருண்டு, ஓரங்கள் தாளில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஈரம் போதவில்லை. தாள் சொட்டச் சொட்ட இருக்க வேண்டும், மேலே ஏதாவது தட்டையாக ஒரு கனம். தனி யுபிக்விட்டினையும் பார்க்க வேண்டுமென்றால் 0.2 மைக்ரான் துளை, 0.45-இல் அது மறுபக்கம் போய்விடும்.

எம்.ஜி.132 (யுபிக்விட்டின் ஒட்டிய புரதங்கள் சிதைவதைத் தடுக்கும் மருந்து) பற்றிக் கேட்டவருக்கு: 10 மைக்ரோமோலார், 4–6 மணி நேரம். இரவு முழுக்க விட்டால் எல்லா யுபிக்விட்டினும் சங்கிலிகளில் மாட்டிக்கொண்டு தனியாகத் திரிவதற்கு ஒன்றும் மிஞ்சாது. அதற்கப்புறம் நீங்கள் பார்ப்பது பார்கினின் வேலை இல்லை, செல்லின் பஞ்சம்.

3 மார்ச்

பிஆர்கே8 விவாதம் சூடாகிவிட்டது, சரி, என் பங்கும் இருக்கட்டும்.

பிஆர்கே8 ஒரு எலி மோனோகுளோனல் (ஒரே வகை ஆன்டிபாடி மட்டும் உள்ளது). பார்கினின் பின்பகுதியை, அதன் வேலை நடக்கும் ரிங்2 பகுதி இருக்கும் பக்கத்தைப் பிடிக்கும். நல்ல ஆன்டிபாடி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் "இதை மட்டும் நம்பு" என்ற சீனியரிடம் நான் கேட்பேன்: எந்த சாம்பிளில்? எலி மூளையில் எலி ஆன்டிபாடி போட்டால், செகண்டரி அந்தத் திசுவிலேயே கிடக்கும் எலி ஐ.ஜி.ஜி.-யையும் பிடிக்கும். அது எங்கே வரும்? மறுபடியும் 50-இல். பார்கினை விட்டு ஹெவி செயின் போகவே மாட்டேன் என்கிறது. எக்ஸான் 3 நீக்கப்பட்ட பார்கின் இல்லா எலி 2003-இலிருந்தே இருக்கிறது. அதன் மூளையைப் பக்கத்து லேனில் ஓட்டாத எந்த எலி மூளை பிளாட்டையும் நான் ஒரு முறை சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ரத்தத்தைப் பஃபர் விட்டுக் கழுவி வெளியேற்றிவிட்டு மூளை எடுத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

இன்னொன்று, நோயாளி சாம்பிள். பார்கின் நோயாளிகளில் எக்ஸான் விடுபடுவது சகஜம். வாசிப்புச் சட்டகம் கெடாமல் நடு எக்ஸான் மட்டும் விடுபட்டால் பின்பகுதி மிஞ்சும், பிஆர்கே8 சிறிய பேண்டைக் காட்டும். முன்முனை ஆன்டிபாடி வேறு கதை சொல்லும். இரண்டும் வேண்டும்.

42 பேண்டுக்கு வருகிறேன். நண்பர் ஒருவர் மேலே சொல்லியிருக்கிறார், பார்கினுக்கு 80-ஆவது இடத்தில் இன்னொரு மெத்தியோனின் உண்டு, அங்கிருந்தும் மொழிபெயர்ப்பு தொடங்கும், அதனால் கீழே ஒரு சிறிய பார்கின் வரும் என்று. முழுக்க உண்மை. மீதி 386 அமினோ அமிலத்துக்கு எடையும் 42–43தான். அருமையான விளக்கம். ஆனால் அது ஹீலா லைசேட் ஐயா! பெரியதே இல்லாத வீட்டில் சின்னது எங்கிருந்து வரும்? எதிர்பார்த்த எடை என்பது எவ்வளவு தூரம் நம்மை இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இரண்டு தப்பான பேண்டு, இரண்டுக்கும் சரியான காரணம் கையில் தயார்.

இது மாணவர்களோடு நிற்கவில்லை. இறந்த நோயாளிகளின் மூளையில் லூயி பாடிகளில் (நரம்புச் செல்லுக்குள் சேரும் புரதக் கட்டிகளில்) பார்கின் இருக்கிறதா என்பதில் முதலில் ஒரு குழு இல்லை என்றது, 2002-இல் இன்னொரு குழு இருக்கிறது என்றது. அவரவர் ஆன்டிபாடி வேறு. மூளை வெட்டை எவ்வளவு நேரம் ஃபார்மலினில் ஊறவைத்தார்கள் என்பதிலேயே முடிவு மாறக்கூடிய விஷயம்.

9 மார்ச்

கொஞ்சம் புலம்பல்.

நம் ஊரில் ஆன்டிபாடி வாங்குவது தனிக் கலை. கொட்டேஷன் மூன்று, கமிட்டி கையெழுத்து, ஆர்டர், அப்புறம் வாரக்கணக்கில் காத்திருப்பு. விமான நிலையத்தில் கஸ்டம்ஸில் கிடந்து வரும்போது டிரை ஐஸ் ஆவியாகிப் பெட்டிக்குள் தெர்மோகோல் மட்டும் இருக்கும். விநியோகஸ்தரைக் கேட்டால் "அறை வெப்பத்திலும் ஒரு வாரம் தாங்கும் மேடம்" என்பார். பல ஆன்டிபாடிகள் தாங்கவும் செய்யும், அதுதான் கொடுமை, வாதாட முடியாது.

எனக்கு நடந்தது வேறு. ஒரு பாலிகுளோனல், அதே கேட்டலாக் எண், இரண்டாவது முறை வாங்கியது. முதல் குழாயில் நாக்கவுட் (இலக்கு ஜீனை நீக்கிய செல்) லேன் சுத்தம். இரண்டாவதில் நாக்கவுட்டிலும் பேண்டு. லாட் எண் மாறியிருந்தது. நிறுவனத்துக்கு எழுதினால், "எங்கள் தரச் சோதனையில் தேறியது" என்று ஒரு படம் அனுப்பினார்கள். படத்தில் ஒரே ஒரு லேன். பாலிகுளோனல் என்றால் அப்படித்தான்: முதல் முயல் போய்ச் சேர்ந்தது, இரண்டாவது முயலுக்கு வேறு ரசனை.

2015-இல் பிராட்பரியும் ப்ளுக்தூனும் நூறு பேருக்கு மேல் கையெழுத்தோடு நேச்சரில் இதைத்தான் எழுதினார்கள்: ஆன்டிபாடியை அதன் டி.என்.ஏ. வரிசையால் வரையறுங்கள், மறுசேர்க்கை முறையில் (விலங்கிலிருந்து எடுக்காமல், அந்த வரிசையைச் செல்லில் போட்டு) செய்யுங்கள் என்று. அப்போது கொஞ்சம் மிகை என்று எனக்குத் தோன்றியது. மான்ட்ரியாலை மையமாகக் கொண்ட ஒய்காரோஸ் குழுவின் முடிவுகள் வந்தபிறகு தோன்றவில்லை. 65 நரம்பியல் புரதங்களுக்கு விற்பனையில் இருந்த 614 ஆன்டிபாடிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் நாக்கவுட் செல்லோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். எந்தச் சோதனை என்பதைப் பொறுத்து, பாதி முதல் முக்கால்வாசிப் புரதங்களுக்கு ஒரு நல்ல ஆன்டிபாடியாவது கிடைத்தது. நல்ல செய்திதான். ஆனால் ஒவ்வொரு புரதத்துக்கும் சராசரியாகப் பன்னிரண்டு பேப்பர்கள், இலக்கைப் பிடிக்கவே பிடிக்காத ஆன்டிபாடியால் எடுத்த தரவோடு வெளியாகியிருந்தன. மறுசேர்க்கை ஆன்டிபாடிகள் மற்ற வகைகளைவிட முன்னால் நின்றன. நிறுவனங்கள் சிலவற்றை விற்பனையிலிருந்தே எடுத்துவிட்டன.

அவர்களின் அறிக்கைகளைக் காசில்லாமல் படிக்கலாம். கொட்டேஷன் வாங்குமுன் படியுங்கள்.

10 மார்ச்

"இவ்வளவு தலைவலி எதற்கு, ஃப்ளாக் டேக் போட்டு ஃப்ளாக் ஆன்டிபாடியால் பாருங்கள்" என்று ஒருவர்.

செய்யலாம். பார்கின் மட்டும் அதிலும் வம்பு பண்ணும். ஓய்வில் இருக்கும்போது அது தன் முன்முனையை மடித்துத் தன்னையே பூட்டி வைத்துக்கொள்ளும். முன்முனையில் சிறிய டேக் ஒட்டினாலே அந்தப் பூட்டு தளர்ந்து பார்கின் சும்மாவே வேலை செய்யத் தொடங்கும் என்று 2012-இல் காட்டிவிட்டார்கள். அதற்கு முன்னால் வந்த பல "பார்கின் தானே ஒட்டிக்கொள்கிறது" படங்களை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பின்முனையில் ஒட்டலாமா என்றால், அங்கே ரிங்2 உட்கார்ந்திருக்கிறது. அதிலும் யோசித்துத்தான் கை வைக்க வேண்டும். அதனால்தான் 12 பிப்ரவரியில் "டேக் எதுவும் ஒட்டாத" என்று எழுதினேன்.

டேக்கின் உண்மையான பயன் வேறு: டேக் ஆன்டிபாடி காட்டும் பேண்டும் பார்கின் ஆன்டிபாடி காட்டும் பேண்டும் ஒரே இடத்தில் விழுகிறதா என்று சரிபார்ப்பதற்கு. அதற்கு மட்டும் தாராளமாக.

17 மார்ச்

கேட்டவரின் முடிவு வந்துவிட்டது. படத்தைப் பார்த்தேன். சும்மா ஹீலாவில் பழைய 52 அப்படியே இருக்கிறது, 42-உம். பார்கின் கொடுத்த ஹீலாவில் பழையதுக்கு மயிரிழை கீழே புதிதாக ஒன்று, கனமாக. எஸ்.எச்.-எஸ்.ஒய்.5ஒய்-இல் பழையது மட்டும், கியூ.பி.சி.ஆர். பார்கின் இருக்கிறது என்கிறது. ஆக இந்த ஆன்டிபாடி பார்கினைப் பார்க்கிறது, நிறைய இருந்தால். வேறு எதையோ அதைவிட ஆசையாகப் பார்க்கிறது.

தூக்கிப்போட வேண்டியதில்லை. வெளியிலிருந்து கொடுத்த பார்கினைப் பார்ப்பதற்கு, நீளமான 8 சதவீத ஜெல்லில் இரண்டையும் பிரித்து ஓட்டி, வெறும் ஹீலா லேனை எப்போதும் பக்கத்தில் வைத்துப் பயன்படுத்தலாம். இயல்பாக உள்ளே இருக்கும் பார்கினுக்கு இது உதவாது. அதற்கு நாக்கவுட்டில் தேறிய மறுசேர்க்கை ஆன்டிபாடி ஒன்று வாங்கித்தான் ஆக வேண்டும். கைடிடம் இந்தப் படத்தைக் காட்டுங்கள், கத்தமாட்டார். கத்தினாலும் படம் உங்கள் பக்கம்.

ஐ.பி.-க்கு முன்னால் இதையும் செய்து பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த சோதனை. பார்கின் யுபிக்விட்டினை ஒரு கணம் தன் 431-ஆவது சிஸ்டைனில் தாங்கிப் பிறகு கைமாற்றும். அந்தச் சிஸ்டைனைச் செரின் ஆக்கிவிட்டால் வாங்கிய யுபிக்விட்டினைக் கொடுக்க முடியாமல் மாட்டிக்கொள்ளும். சி.சி.சி.பி. கொடுத்து மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தத்தைக் கலைத்தால், பார்கின் பேண்டுக்கு 8 கிலோடால்டன் மேலே இரண்டாவது பேண்டு எழும். சோடியம் ஹைட்ராக்சைடு போட்டால் மறையும். சி.சி.சி.பி. இல்லாமல் எழாது. இப்படி ஏறி இறங்கும் பேண்டைக் காட்டும் ஆன்டிபாடி, சந்தேகமில்லாமல் பார்கினைத்தான் பார்க்கிறது. அதோடு உங்கள் செல்லில் பார்கின் உயிரோடு வேலை செய்கிறது என்பதும் அதே பிளாட்டில் தெரிந்துவிடும். உங்கள் 52 இதற்கு அசையாது, வைத்த இடத்திலேயே நிற்கும்.

24 மார்ச்

செரின் 65 பாஸ்போ-யுபிக்விட்டின் ஆன்டிபாடி பற்றிக் கேட்டவருக்கு. பிங்க்1 என்ற நொதி யுபிக்விட்டினையே அந்த இடத்தில் பாஸ்பரிகரிக்கிறது என்று 2014-இல் மூன்று குழுக்கள் காட்டின. அந்தச் சிக்னல் வந்தால் பார்கின் வேலை செய்கிறது என்று அர்த்தமா? அவசரப்படாதீர்கள். பார்கின் இருந்தால் சங்கிலிகள் கூடும், பிங்க்1-க்கு வேலை கூடும், சிக்னல் பெருகும். ஆனால் பார்கினே இல்லாத ஹீலாவிலும் சி.சி.சி.பி. கொடுத்தால் கொஞ்சம் வரும், ஏற்கெனவே மைட்டோகாண்ட்ரியா மேல் உள்ள யுபிக்விட்டின் போதும் அதற்கு. இந்த ஆன்டிபாடிக்கு இல்லாமை லேன் பிங்க்1 நாக்கவுட். பார்கின் நாக்கவுட் இல்லை. ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் அதற்கு உரிய வெற்று லேன் எது என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். எஸ்.ஐ.ஆர்.என்.ஏ.-யால் குறைத்துக் காட்டுவது இரண்டாம்பட்சம்தான், மிச்சம் இருப்பது பார்கினா வேறொன்றா என்று அது சொல்லாது.

6 ஏப்ரல்

கேட்டவர் தீசிஸ் எழுதத் தொடங்கிவிட்டாராம், மெத்தட்ஸில் என்ன போடுவது என்கிறார். நிறுவனம், கேட்டலாக் எண், குளோன் பெயர், லாட் எண், ஆர்.ஆர்.ஐ.டி. (ஆய்வுப் பொருளுக்கான நிரந்தர அடையாள எண்), எத்தனை மடங்கு நீர்த்தது, எந்த பிளாக்கிங். வெட்டாத முழு பிளாட்டைப் பின்னிணைப்பில் வையுங்கள், பழைய 52 தெரியும்படி, அதற்கு நேராக "இலக்கல்லாதது, பார்கின் இல்லாத ஹீலாவிலும் வருகிறது" என்று ஒரு அம்புக்குறியோடு. வைவாவில் அதைப் பற்றித்தான் கேட்பார்கள். கேட்கட்டும், அதற்குத்தானே மூன்று லேன் ஓட்டினீர்கள்.

லாட் எண் குழாயின் ஸ்டிக்கரில் இருக்கும், எத்தனால் பட்டால் அழிந்துபோகும். இப்போதே போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அலிகோட் பிரித்துவிட்டுப் பழைய குழாயைப் போட்டுவிட்டீர்கள் என்றால் வாங்கிய பில்லோடு வந்த சீட்டில் தேடுங்கள், அநேகமாக ஸ்டோர்ஸ் ஃபைலில் இருக்கும்.